இறுகிய தசையை எப்படி அளப்பது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், பக்கவாதத்துக்குப் பின் கை கால் இறுகிப்போவதைப் பற்றி எழுதும்போது, “இறுக்கம் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் எண்ணாக எழுதி வாங்கி வையுங்கள்” என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். நரம்பியல் பிசியோதெரபிஸ்டாக நான் தினமும் செய்கிற வேலை இது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது முழங்கை மடங்கியே இருக்கிறது. போன மாதம் மருத்துவமனையில் ‘ஆஷ்வொர்த் 2’ என்று எழுதினார்கள். இப்போது வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் ‘1+’ என்று எழுதியிருக்கிறார். குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் சட்டை போட்டுவிடும்போது கை முன்பு போலவேதான் முரண்டு பிடிக்கிறது. யார் அளந்தது சரி?
– கணவரைக் கவனித்துக்கொள்ளும் வாசகி

இரண்டு பேருமே சரியாக அளந்திருக்கலாம் அம்மா. சட்டை போடும்போது நீங்கள் உணர்வதும் உண்மைதான்.

ஆஷ்வொர்த் சோதனைக்குக் கருவி எதுவும் கிடையாது. சோதிப்பவரின் கைதான் கருவி. நோயாளியைத் தளர்வாகப் படுக்க வைத்து, மடங்கிய முழங்கையைச் சுமார் ஒரு விநாடிக்குள் முழுவதும் நீட்டிப் பார்ப்போம். அப்போது எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்பதை எங்கள் கையால் உணர்ந்து எண் போடுவோம். எதிர்ப்பு கூடுதலாக இல்லையென்றால் 0. ஓரிடத்தில் சட்டென்று பிடித்து உடனே விட்டுவிட்டாலோ, கடைசிக் கட்டத்தில் மட்டும் லேசாக எதிர்த்தாலோ 1. பிடித்த பிறகு மீதித் தூரத்திலும், அதாவது மொத்த வீச்சில் பாதிக்கும் குறைவான தூரத்துக்கு, லேசான எதிர்ப்பு தொடர்ந்தால் 1+. பெரும்பாலான தூரத்தில் எதிர்ப்பு தெரிந்தும் கை சுலபமாக நகர்ந்தால் 2. நகர்த்துவதே சிரமமானால் 3. மூட்டு அசைய மறுத்தால் 4.

பிரையன் ஆஷ்வொர்த் 1964-ல் இந்த அளவுகோலை உருவாக்கியபோது அவர் முன்னால் இருந்தவர்கள் பக்கவாத நோயாளிகள் அல்ல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் உறையைத் தாக்கும் நோய்) உள்ளவர்களிடம் காரிசோப்ரடால் என்ற மருந்து பலன் தருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1-க்கும் 2-க்கும் நடுவே 1+ என்ற படியை 1987-ல் சேர்த்தவர்கள் பொஹானனும் ஸ்மித்தும். அவர்கள் 30 நோயாளிகளின் முழங்கையை இருவர் தனித்தனியே சோதித்துப் பார்த்தார்கள், 86.7 சதவீதம் ஒத்துப்போனது. நல்ல பொருத்தம்தான். ஆனாலும் ஒரே மூட்டை ஒரே முறையில் சோதித்த இருவரே எல்லா இடத்திலும் ஒரே எண்ணைப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். காலில் சோதிக்கும்போது பொருத்தம் இன்னும் குறையும், ஏனென்றால் காலின் எடையே சோதிப்பவரின் கையைக் குழப்பும்.

உங்கள் கணவர் விஷயத்தில் ஆள் வேறு, இடம் வேறு, கட்டில் வேறு. ஒருவேளை ஒருவர் முதல் இழுப்பிலேயே எண் போட்டிருப்பார், மற்றவர் நான்கைந்து முறை நீட்டி மடக்கிய பிறகு போட்டிருப்பார். அப்படித் திரும்பத் திரும்ப அசைத்தாலே தசை கொஞ்சம் இளகிவிடும். இந்த நிலையில் 1+க்கும் 2-க்கும் உள்ள அரைப் படி வித்தியாசத்தை நான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன், பின்னடைவு என்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை எண்ணுக்குப் பக்கத்தில் இவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள்: படுத்திருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா, மணி என்ன, தசை இறுக்கத்துக்கான மாத்திரை போட்டு எவ்வளவு நேரமானது, சோதித்தது யார். முடிந்தவரை ஒரே ஆள் ஒரே நேரத்தில் சோதிப்பது நல்லது. அதோடு, சட்டைக் கையை மாட்ட எவ்வளவு நேரமாகிறது என்பதை நீங்களே குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பை நான் ஆஷ்வொர்த் எண்ணுக்குக் குறைவாக மதிக்க மாட்டேன்.

அம்மாவுக்கு முதல் மூன்று வாரம் இடது கை துவண்டு கிடந்தது. தூக்கிவிட்டால் அப்படியே விழும். இப்போது விரல்கள் மடங்க ஆரம்பித்து, மணிக்கட்டு உள்ளே வளைகிறது. நிலைமை மோசமாகிறதா?
– மகன்

மோசமாகிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய கட்டம்.

தசை நீளும்போதெல்லாம் அதைத் திரும்பச் சுருங்கச் சொல்லும் ஓர் அனிச்சைச் செயல் நம் எல்லோருக்கும் உண்டு. அது தண்டுவடத்தில் நடக்கிறது. முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் உதைக்கிறதே, அதேதான். சாதாரணமாக மூளை இதை அடக்கி வைத்திருக்கும். பக்கவாதம் மூளையிலிருந்து இறங்கும் பாதைகளைத் தாக்கியதும் முதலில் எல்லாமே ஓய்ந்துபோகிறது, கை துவள்கிறது. நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துத் தண்டுவடம் விழித்துக்கொள்ளும்போது, அடக்கும் ஆள் இல்லாததால் அந்த அனிச்சைச் செயல் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. இதைத்தான் ஸ்பாஸ்டிசிட்டி என்கிறோம். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-ல் தந்த விளக்கம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் சாரம், தசையை எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவுக்கு எதிர்ப்பு கூடும் என்பது. இடுப்பளவுத் தண்ணீரில் மெதுவாக நடந்தால் வழி கிடைக்கும், ஓடப் பார்த்தால் தண்ணீர் தடுக்கும் அல்லவா, அப்படி. உங்கள் அம்மாவின் விரல்களை மெதுவாக, மிக மெதுவாகத் திறந்து பாருங்கள். பிறகு சற்று வேகமாகத் திறக்க முயன்றால் வித்தியாசம் உங்கள் கைக்கே தெரியும். ஒரு முறை போதும், திரும்பத் திரும்ப வேண்டாம்.

சிக்னே புருன்ஸ்ட்ராம் என்ற பிசியோதெரபிஸ்ட் மீட்சியை ஆறு கட்டங்களாகப் பிரித்தார். துவள்வது முதல் கட்டம். இறுக்கம் தலைகாட்டுவது இரண்டாவது, உச்சத்துக்குப் போவது மூன்றாவது. அதன் பிறகு இறுக்கம் தணியத் தணிய, நினைத்தபடி தனித்தனியாக அசைக்கும் திறன் வருகிறது. எல்லோரும் கடைசிக் கட்டம் வரை போவதில்லை. எல்லோருக்கும் இறுக்கம் வருவதும் இல்லை, சுமார் நான்கில் ஒருவருக்கு வருகிறது. தொடக்கத்தில் பலவீனம் அதிகமாக இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

நான் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. விரல்கள் மடங்கியே கிடந்தால் தசை அந்தக் குறுகிய நீளத்துக்கே பழகிவிடும். தசை நாரில் வரிசையாக இருக்கும் சுருங்கு அலகுகள் குறையும், சுற்றியுள்ள இணைப்புத் திசு கெட்டிப்படும். இதற்கு நரம்பின் கோளாறு தேவையே இல்லை, சில வாரங்கள் அசையாமல் இருந்தாலே போதும். எனவே இப்போதே மணிக்கட்டும் விரல்களும் முழுதாக எவ்வளவு திறக்கின்றன என்று அளந்து எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட உங்களிடம் அந்தக் குறிப்பு இருக்கும்.

மேடம், நான் பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு மாணவன். ஆஷ்வொர்த், டார்டியு இரண்டையும் படித்தேன். வார்டில் எல்லோரும் ஆஷ்வொர்த் மட்டும்தான் போடுகிறார்கள். டார்டியு தேவையா?

தேவை தம்பி. எனக்கு ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள விடுவார்கள் என்றால் நான் டார்டியுவைக் கேட்பேன்.

பிரெஞ்சு மருத்துவர் கி டார்டியு 1950-களில் தொடங்கிய முறை இது. பாய்டும் கிரஹாமும் 1999-ல் அதைத் திருத்தி எளிமையாக்கினார்கள். முறை இதுதான்: முதலில் மூட்டை உன்னால் முடிந்த அளவு மெதுவாக நகர்த்தி, எங்கே நிற்கிறது என்று கோனியோமீட்டரில், அதாவது மூட்டின் கோணத்தை அளக்கும் கருவியில், கோணம் எடு. அது ஆர்2. பிறகு உன்னால் முடிந்த அளவு வேகமாக நகர்த்து. வழியில் ஓரிடத்தில் தசை சட்டென்று பிடிக்கும். அந்தக் கோணம் ஆர்1. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது.

கணுக்காலில் ஓர் உதாரணம் சொல்கிறேன். பாதம் காலுக்குச் செங்குத்தாக நிற்பதை 0 என்று வைத்துக்கொள். முதல் நோயாளிக்கு மெதுவாகத் தூக்கினால் பாதம் 0-ஐத் தாண்டி 10 டிகிரி மேலே வருகிறது. வேகமாகத் தூக்கினால் 0-க்கு 15 டிகிரி கீழேயே பிடித்துக்கொள்கிறது. வித்தியாசம் 25. இரண்டாவது நோயாளிக்கு எவ்வளவு மெதுவாகத் தூக்கினாலும் பாதம் 0-க்கு 10 டிகிரி கீழேயே நின்றுவிடுகிறது. வேகமாகத் தூக்கினால் 15 டிகிரி கீழே. வித்தியாசம் 5. இரண்டு பேரும் கீழே பாதம் பதியாமல் விரல் நுனியில் நடப்பார்கள். இரண்டு பேருக்கும் ஆஷ்வொர்த் 3 என்றுகூட வரலாம். ஆனால் முதலாமவரின் தடை பெரும்பாலும் நரம்பிலிருந்து வருவது, அவருக்கு, தசைக்கு வரும் நரம்புச் செய்தியைத் தடுத்து இறுக்கத்தைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி உதவும். இரண்டாமவரின் தசையே குட்டையாகிவிட்டது. அவருக்கு ஊசி போட்டால் காசும் காலமும்தான் வீணாகும். அவருக்கு வேண்டியது தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி மாற்றி மாற்றிப் போடும் தொடர் மாவுக்கட்டோ, அதற்கும் மசியாவிட்டால் அறுவை மருத்துவரின் ஆலோசனையோ.

பேட்ரிக், ஆடா இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஸ்பாஸ்டிசிட்டியையும் தசைக் குறுக்கத்தையும் டார்டியு பிரித்துக் காட்டுகிறது. ஆஷ்வொர்த்தில் இரண்டும் கலந்துபோகின்றன.

வார்டில் ஏன் செய்வதில்லை என்றால், நேரம். கோனியோமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும், இரண்டு வேகத்தில் செய்ய வேண்டும், பிடித்த இடத்தைக் கணித்து அளக்க வேண்டும். அந்தப் பிடித்த இடத்தைக் கண்ணால் குறிப்பதில் சில டிகிரி பிசகும் என்பதும் உண்மை. இன்னொருவர் பக்கத்திலிருந்து கோனியோமீட்டரைப் பிடித்தால் பிசகு குறையும். கணுக்காலை முழங்கால் நீட்டிய நிலையில் ஒரு முறை, மடக்கிய நிலையில் ஒரு முறை அளக்கப் பழகு. முழங்காலை மடக்கினால் கெண்டைக்கால் தசைகளில் கேஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்துவிடும். மடக்கியும் பாதம் மேலே வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் சோலியஸைச் சந்தேகி. ஊசி போடப்போகும் மருத்துவருக்கு இந்த ஒரு குறிப்பு எவ்வளவு உபயோகப்படும் என்பதை நீ வேலைக்கு வந்ததும் பார்ப்பாய்.

காலையில் எழும்போது கையும் காலும் கட்டையாக இருக்கும். வெந்நீரில் குளித்தால் இளகும். யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் கை மார்போடு ஒட்டிக்கொள்ளும். கொட்டாவி விட்டால்கூடத் தானாகக் கை உயரும்! ஆனால் பதினொரு மணிக்குச் சோதிக்கிறவர் “லேசான இறுக்கம்தான்” என்கிறார். மற்ற நேரத்தில் நான் படும் பாட்டை யாரும் நம்புவதில்லை.
– இரண்டு ஆண்டுகளாக மீண்டுவரும் வாசகர்

நான் நம்புகிறேன் ஐயா. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

கொட்டாவியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு நீங்கள் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். செயலிழந்த கை கொட்டாவியின்போது தானாக உயர்வது மருத்துவ நூல்களில் பதிவான நிகழ்வு. நாம் விரும்பி அசைக்கும் கட்டளை ஒரு பாதையில் வருகிறது, கொட்டாவி போன்ற பழைய உடல் செயல்கள் வேறு பாதையில் வருகின்றன. முதல் பாதை அடிபட்டாலும் இரண்டாவது உயிரோடு இருக்கிறது. இருமும்போதும், வேகமாக நடக்கும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும் கை மடங்குவது இதன் உறவினர்தான். பயமும் பதற்றமும் குளிரும் வலியும் தண்டுவடத்தை இன்னும் உசுப்பிவிடும். காலையில் கட்டையாக இருப்பதற்கு, இரவு முழுக்க அசையாமல் கிடந்த தசையின் கெட்டித்தன்மையும் ஒரு காரணம்.

படுக்க வைத்து, “தளர்வா இருங்க” என்று சொல்லி, அடுத்தவர் அசைக்கும்போது மட்டும் அளந்தால் இவற்றில் எதுவும் பிடிபடாது. ஆஷ்வொர்த்தின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். ஓய்வில் இருக்கும் தசையைப் பற்றி அது சொல்கிறது. நடந்துகொண்டிருக்கும் மனிதரைப் பற்றிச் சொல்வதில்லை.

நான் என் நோயாளிகளிடம் செய்வது எளிமையான விஷயம். ஆஷ்வொர்த் எண் எடுத்த பிறகு அவரை எழுந்து நடக்கச் சொல்வேன். பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம் எடுப்பேன். பத்தடி நடந்ததும் முழங்கை எத்தனை டிகிரி மடங்கியது என்று படத்திலிருந்தே தெரியும். சிலருக்குப் படுக்கையில் 1 தான், நடையில் முழங்கை 90 டிகிரி மடங்கிவிடும்.

நீங்கள் ஒரு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு வேளை, இறுக்கம் இல்லை என்றால் 0, தாங்கவே முடியவில்லை என்றால் 10 என்று நீங்களே எண் போடுங்கள். பக்கத்தில் அப்போது என்ன நடந்தது என்று இரண்டு வார்த்தை. மாத்திரை நேரத்தையும் எழுதுங்கள். காலையில் மட்டும் 8, மற்ற நேரம் 3 என்று வந்தால் மருத்துவர் இரவு மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்க அதுவே போதுமான ஆதாரம். நீங்களாக மாற்றாதீர்கள்.

தசையின் மேல் அழுத்தினால் இறுக்கத்தை எண்ணாகக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வீடியோவில் பார்த்தேன். அப்படி இருக்கும்போது ஏன் இன்னும் கையால் சோதிக்கிறார்கள்?

நீங்கள் பார்த்தது மயோட்டோனோமீட்டர் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். தோலின் மேல் மெதுவாக வைத்து, சில மில்லி விநாடிகள் மட்டும் ஒரு சிறு தட்டுத் தட்டும். தட்டு வாங்கிய தசை அதிர்ந்து அடங்கும். அந்த அதிர்வைப் பதிவுசெய்து, அதிர்வெண்ணிலிருந்து தசையின் ஓய்வு இறுக்கத்தையும், எவ்வளவு கெட்டி என்பதை மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்றும், எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதையும் கணக்கிட்டுத் தரும். வலி இல்லை, சில விநாடிகளில் முடிந்துவிடும். பாதித்த கைக்கும் நல்ல கைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கவும், ஊசிக்கு முன்னும் பின்னும் ஒப்பிடவும் நன்றாகப் பயன்படும்.

ஆனால் ஓய்வில் அசையாமல் இருக்கும் தசையைத்தான் அது தொடுகிறது. தசையை நீட்டவே இல்லை என்றால், நீட்டும்போது வரும் அனிச்சை எதிர்ப்பு எப்படிப் பதிவாகும்? தோலுக்கடியில் கொழுப்பு தடிமனாக இருந்தாலும், தசை ஆழத்தில் இருந்தாலும் எண் மாறும். ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தாலும் மாறும். தோலில் பேனாவால் புள்ளி வைத்து, அதே புள்ளியில், மூட்டை அதே கோணத்தில் வைத்து அளப்பவரின் எண்ணை மட்டுமே நான் நம்புவேன்.

வேறு வழிகளும் உண்டு. அல்ட்ராசவுண்டு எலாஸ்டோகிராஃபி தசைக்குள் ஓர் அலையைச் செலுத்தி அதன் வேகத்தை அளக்கிறது. கெட்டியான திசுவில் அலை வேகமாக ஓடும். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பதும் இதே நுட்பத்தில்தான். ஐசோகைனடிக் டைனமோமீட்டர் என்ற பெரிய இயந்திரம் மூட்டை நாம் சொல்லும் வேகத்தில் துல்லியமாக நகர்த்தி எதிர்ப்பை அளக்கிறது. கூடவே தோலில் மின்முனைகள் ஒட்டி இஎம்ஜி எடுத்தால், எதிர்ப்பு வரும் நேரத்தில் தசையில் மின்னோட்டம் இருந்ததா என்று தெரியும். மின்னோட்டம் இருந்தால் நரம்பின் வேலை. மின்னோட்டமே இல்லாமல் எதிர்ப்பு வந்தால் அது தசையின் கெட்டித்தன்மை. நான் மேலே மாணவருக்குச் சொன்ன பிரிவினையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி இல்லை. ஆனால் அதற்கு இயந்திரமும் தனி அறையும் நேரமும் வேண்டும், அதனால் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில்தான் பார்க்க முடியும்.

செலவே இல்லாத ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். வார்ட்டன்பர்க் 1951-ல் விவரித்த ஊசல் சோதனை. நோயாளியை உயரமான கட்டிலின் ஓரத்தில் கால் தொங்க உட்கார வைத்து, காலை நேராகத் தூக்கி விட்டுவிட வேண்டும். தளர்வான கால் பல முறை ஊஞ்சலாடி நிற்கும். இறுகிய கால் முதல் வீச்சிலேயே பாதி வழியில் தயங்கும், சீக்கிரம் நின்றுவிடும். முதல் வீச்சு எவ்வளவு தூரம் இறங்கியது என்பதுதான் முக்கியமான அளவு. இன்று கைபேசியில் இருக்கும் அசைவு உணரியையே காலில் கட்டி இதை அளக்கிறார்கள்.

அப்பாவுக்கு மணிக்கட்டு, விரல் தசைகளில் பொட்டுலினம் ஊசி போட்டோம். ஒரு மாதம் கழித்து ஆஷ்வொர்த் 3-லிருந்து 1-க்கு வந்துவிட்டது என்றார்கள். ஆனால் இன்னும் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. ஊசி வீணா?
– மகள்

உங்கள் கேள்வியில் ஏமாற்றம் தெரிகிறது. அது நியாயமானது, ஏனென்றால் ஊசிக்கு முன்னால் யாரோ உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. இறுக்கம் போனால் பலம் வந்துவிடாது. பக்கவாதம் இரண்டு வேலை செய்கிறது: தசையை இறுக்குகிறது, அதே தசையையும் அதன் எதிர்த் தசையையும் பலவீனமாக்குகிறது. ஊசி முதலாவதை மட்டும்தான் தொடும். டம்ளரைத் தூக்க முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டாவது.

அதனால்தான் ஊசி போடும் முன்பே, இதனால் எது சுலபமாக வேண்டும் என்று பேசி எழுத வேண்டும் என்கிறேன். பிரஷியரும் அவர் குழுவினரும் மணிக்கட்டு, விரல் ஊசியைச் சோதித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஆஷ்வொர்த்தோடு கைச் சுத்தம், உடை உடுத்துதல், கையின் தோற்ற நிலை, வலி என்ற நான்கில் நோயாளிக்கு எது பெரிய தொந்தரவோ அதைத் தேர்ந்தெடுத்து 0 முதல் 3 வரை மதிப்பிட்டார்கள். உள்ளங்கை மூடியே இருப்பதால் வியர்த்து, தோல் வெந்து, நகம் குத்திப் புண்ணாகும் ஒருவருக்குக் கையைத் திறந்து கழுவ முடிவதே பெரிய நிம்மதி.

என்னிடம் வந்த ஓர் ஓவிய ஆசிரியர் தன் இலக்கைத் தானே சொன்னார். வலது கையால் வரைவேன், இடது கை காகிதத்தை நகராமல் அழுத்திப் பிடித்தால் போதும் என்றார். அந்த ஒரே காரியத்தை வைத்துத்தான் ஊசி எந்தத் தசைகளுக்கு என்று முடிவானது. எந்த எண்ணும் அவ்வளவு தெளிவாக எனக்கு வழி சொல்லியதில்லை.

இப்போது அப்பாவுக்கு என்ன செய்யலாம்? ஊசி சில நாட்களில் வேலையைத் தொடங்கி, நான்கிலிருந்து ஆறு வாரத்தில் உச்சத்தில் இருக்கும். சுமார் மூன்று மாதத்தில் தணிந்துவிடும். அதாவது நீங்கள் இப்போது இருப்பது நல்ல காலத்தின் நடுவில். விரலை நீட்டும் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்க இதைவிட ஏற்ற நேரம் கிடையாது. பிசியோதெரபிஸ்டிடம் இதைச் சொல்லிப் பயிற்சி நேரத்தைக் கூட்டுங்கள்.

கால் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிலர் தொடைத் தசையின் இறுக்கத்தை ஊன்றிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு எண் குறைய வேண்டும் என்பதற்காக மருந்தைக் கூட்டினால் முழங்கால் மடங்கிக் கீழே விழுவார்கள். ஆஷ்வொர்த் 0 என்பது எல்லோருக்கும் இலக்கு அல்ல.

தினமும் அரை மணி நேரம் தசையை நீட்டிவிட்டால் இறுக்கம் போய்விடுமா?

போய்விடும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். 2017-ல், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஏழு மாதத்துக்குக் குறைவாகச் செய்யும் நீட்டிப் பயிற்சி மூட்டின் வீச்சை உருப்படியாகக் கூட்டுவதில்லை என்று கண்டது. ஆகவே நீட்டுவதிலேயே எல்லா நேரத்தையும் கழிக்காதீர்கள். அவராகவே அசைக்க முயல்வதற்கு, எழுந்து நிற்பதற்கு, பாதம் முழுதும் தரையில் பதிய எடை போடுவதற்கு அந்த நேரத்தில் பெரும்பங்கைக் கொடுங்கள்.

மருத்துவமனைக்கு அடிக்கடி போக முடியாது. வீட்டில் நாங்களே அளக்க முடியுமா?
– மனைவியைக் கவனித்துக்கொள்ளும் வாசகர்

முடியும். ஆஷ்வொர்த் எண் போட முயல வேண்டாம், அதற்கு வேக இழுப்பு தேவை. பழக்கமில்லாதவர் அதைத் தோளில் செய்தால் காயம் வரும். பக்கவாதத் தோளில் எலும்பு கொஞ்சம் இறங்கியிருக்கலாம், கையைப் பிடித்து இழுத்தாலே வலி தொடங்கிவிடலாம். நீங்கள் தூரத்தையும் நேரத்தையும் மட்டும் அளந்தால் போதும்.

விரல்களுக்கு: முதலில் மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டு மடங்கினால் விரல் நாண்கள் தளர்ந்து விரல்கள் தாமாகவே கொஞ்சம் திறக்கும். பிறகு கட்டைவிரலை அதன் நுனியில் பிடிக்காமல் அடிப்பகுதியில் பிடித்து வெளியே விலக்கி, மற்ற விரல்களைச் சேர்த்துத் திறவுங்கள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து இழுக்காதீர்கள். திறந்த பிறகு, நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கை நடு ரேகைக்கும் எவ்வளவு தூரம் என்று அளவுகோலால் சென்டிமீட்டரில் எடுங்கள். அடுத்த முறையும் மணிக்கட்டு அதே அளவு மடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பிட முடியாது.

முழங்கைக்கு: மல்லாந்து படுக்க வைத்து, கையை உடம்போடு ஒட்டி, மெதுவாக நீட்டி நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து புகைப்படம். கைபேசியை ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில், அதே தூரத்தில் வையுங்கள். பாதத்துக்கும் அதே போல, முழங்கால் நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று.

வாரம் ஒரு முறை, மாத்திரை போட்டு அதே இடைவெளியில் செய்தால் போதும். தினமும் அளந்தால் சின்ன ஏற்ற இறக்கங்கள் உங்களை அலைக்கழிக்கும். மூன்று, நான்கு வாரம் தொடர்ந்து தூரம் குறைந்துகொண்டே வந்தால் தசை குட்டையாகிறது என்று பொருள், அப்போது உடனே ஆலோசனை கேளுங்கள்.

ஆறு மாதமாக ஒரே மாதிரி இருந்த இறுக்கம் இரண்டே நாளில் திடீரென்று கூடிவிட்டது. கால் கத்தரிபோல் ஒன்றோடொன்று ஒட்டுகிறது. மாத்திரையைக் கூட்டலாமா?

இப்போதைக்கு மாத்திரையைத் தொடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். உடம்பில் எங்கோ ஒரு தொந்தரவு தண்டுவடத்தைத் தூண்டிக்கொண்டிருக்கிறது. நோயாளிக்கு அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவாக இருந்தால் வலி என்று சொல்லத் தெரியாது, இறுக்கம்தான் அதைச் சொல்லும். சிறுநீர்த் தொற்றை முதலில் பாருங்கள்: எரிச்சல், நாற்றம், கலங்கல், காய்ச்சல். மலச்சிக்கல் இருக்கிறதா, முதுகிலோ குதிகாலிலோ படுக்கைப் புண் வந்திருக்கிறதா, கால் நகம் சதைக்குள் வளர்கிறதா, கை காலைத் தாங்கக் கட்டும் ஸ்பிளின்ட்டின் பட்டை அழுத்துகிறதா, உடை எங்காவது இறுக்குகிறதா என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை தேடுங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அதே நாளில் மருத்துவரிடம் போக வேண்டும்.

தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென் மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாள் விட்டுவிட்டீர்களா என்பதையும் சரிபாருங்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் பன்மடங்காகத் திரும்பும், வலிப்பும் மனக்குழப்பமும்கூட வரலாம். அப்படி நடந்திருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசியாகப் போட்டது எப்போது என்ற மூன்றையும் சொல்லுங்கள். இறுக்கத்தோடு புதிதாக முகம் கோணுவது, பேச்சு குழறுவது, இன்னொரு பக்கம் பலம் குறைவது எது தெரிந்தாலும் அதே அவசரம்தான்.